ஆலயப் பத்திரம் யார் பெயரில்?

1794 கோடையில் ஃபிலடெல்ஃபியா நகரத்துக் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று இரண்டு ஆலயங்களைத் திறந்தார்கள். ஐந்தாம் தெருவில் எழுந்தது தூய தோமா ஆலயம். புதிதாகக் கட்டிய அந்த ஆலயம் ஜூலை 17 அன்று பிரதிஷ்டையானது. அங்கிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், ஆறாம் தெருவில், பெத்தேல் ஆலயம். அது முன்பு ஒரு கொல்லன் பட்டறை. ரிச்சர்ட் ஆலன் அதை விலைக்கு வாங்கி, தன் குதிரைகளைப் பூட்டி இழுத்துவந்து தன் மனையில் நிறுத்தி, தச்சர்களை வைத்துச் செப்பனிட்டார். தூய தோமாவின் மேய்ப்பர் அப்சலோம் ஜோன்ஸ். இருவரும் நெருங்கிய நண்பர்கள். இருவரும் அடிமைகளாகப் பிறந்து, பின்னர் விடுதலை பெற்றவர்கள். ஆனால் ஜோன்ஸின் சபை எபிஸ்கோப்பல் திருச்சபையில் சேர்ந்தது. ஆலனின் சபை மெதடிஸ்ட் திருச்சபையில் நின்றது.

இந்த இரண்டையும் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு சித்திரம் தீட்டுவார்கள். ஆலன் கலகக்காரர், சுதந்திரத் திருச்சபை கண்டவர். ஜோன்ஸ் சாந்தமானவர், வெள்ளையர் திருச்சபையின் நிழலில் ஒதுங்கியவர். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரு சபைகளும் தொடக்கத்தில் கையெழுத்திட்ட ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சித்திரம் தலைகீழாகிறது. தன் ஆலயத்தின் மீது முதல் நாளிலிருந்து பிடி வைத்திருந்தவர் ஜோன்ஸ். அந்தப் பிடிக்காக ஏறத்தாழ பத்தாண்டு போராட வேண்டியிருந்தவர் ஆலன்.

நம் வாசகருக்கு ஒரு சிறு விளக்கம். தென்னிந்தியத் திருச்சபையில் 1947-ல் ஆங்கிலிக்கன் மரபும் மெதடிஸ்ட் மரபும் ஒன்றாகிவிட்டதால், இந்த வேறுபாடு நமக்கு மங்கிப்போனது. அன்றைய அமெரிக்காவில் அது கூர்மையாக இருந்தது. விடுதலைப் போருக்குப் பின் இங்கிலாந்து அரசரைத் தலைவராக ஏற்க முடியாமல், அங்கிருந்த ஆங்கிலிக்கன்கள் 1789-ல் தங்களுக்கென அமைத்துக்கொண்டதே எபிஸ்கோப்பல் திருச்சபை. பேராயர், ஜெபப்புத்தகம், கற்றறிந்த குருமார் என்று அதற்கொரு ஒழுங்கு. மெதடிஸ்டுகள் அதற்கும் முன்பே, 1784-ல் தனித் திருச்சபையானவர்கள். மனந்திரும்பிய தச்சனும் வண்டிக்காரனும் எழுந்து பிரசங்கிக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். ஆலன் அப்படித்தான் பிரசங்கியானார்.

ஜோன்ஸ் 1746-ல் டெலவேரில் பிறந்தவர். பதினாறு வயதில் எஜமானர் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கூட்டிவந்து தன் கடையில் வேலைக்கு வைத்தார். தாயும் உடன்பிறந்தவர்களும் வேறிடத்துக்கு விற்கப்பட்டார்கள். கடையில் வேலை முடிந்தபின் இரவுப் பள்ளியில் படித்தார். 1770-ல் மேரியை மணந்தார், அவரும் அடிமை. கையில் சேர்ந்த காசில் ஜோன்ஸ் முதலில் வாங்கியது தன் விடுதலையை அல்ல, மனைவியின் விடுதலையை. தாயின் நிலையே பிள்ளைக்கும் வரும் என்பது அன்றைய சட்டம். தாய் சுதந்திரமானவள் என்றால் பிறக்கும் பிள்ளையும் சுதந்திரமானது. அவருக்கே விடுதலை கிடைத்தது 1784-ல். சட்டத்தின் வாசகத்தைப் படித்து, அது எங்கே பிடிகொடுக்கும் என்று கணக்கிடும் மனம் அவருடையது. சபைக்காக அவர் செய்த ஏற்பாடுகளிலும் இந்த மனமே தெரிகிறது என்பது என் எண்ணம்.

ஆலன் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர், 1760-ல் பிறந்தவர். பதினேழு வயதில் மெதடிஸ்ட் பிரசங்கம் கேட்டு மனந்திரும்பினார். அவருடைய எஜமானரும் மெதடிஸ்ட் பிரசங்கம் ஒன்றைக் கேட்டபின்தான், அடிமை வைத்திருப்பது பாவம் என்று உணர்ந்து, விலை கொடுத்து விடுதலை பெற ஆலனுக்கு அனுமதி தந்தார். விறகு வெட்டி, செங்கல் சூளையில் உழைத்து, உப்பு வண்டி ஓட்டி அந்த விலையை ஆலன் கட்டி முடித்தார். அதனால் மெதடிஸ்ட் மார்க்கம் அவருக்குப் பல பிரிவுகளில் ஒன்று அல்ல. தன்னை மீட்ட வழி. 1786-ல் ஃபிலடெல்ஃபியாவின் தூய ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் விடியற்காலை ஐந்து மணி ஆராதனைக்குப் பிரசங்கியாக வந்தார். ஜோன்ஸும் அந்த ஆலயத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

1787 ஏப்ரலில் இருவரும் சேர்ந்து ‘சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்’ தொடங்கினார்கள். மாதம் ஒரு ஷில்லிங் வெள்ளிக்காசு சந்தா. நோயுற்றவர், விதவை, அநாதைக்கு உதவி. கூட்டம் மெல்ல மெல்ல க்வேக்கர் மார்க்கத்தாரின் மௌன ஜெப முறைக்குச் சாய்ந்தபோது ஆலனுக்குப் பொறுக்கவில்லை. உரக்கப் பாடி, உருகி ஜெபிப்பவர் அவர். 1789-ல் விலகினார். சங்கத்தை வழிநடத்தும் பொறுப்பு ஜோன்ஸிடம் வந்தது. ஒரு கறுப்பினச் சபை வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சங்கத்துக்குள்தான் வளர்ந்தது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1791-ல் அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுக்க உதவினார்.

பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஞாயிறு. தூய ஜார்ஜ் ஆலயத்தின் மாடி இருக்கைகளில், ஜெபவேளையில் முழந்தாளிட்டிருந்த ஜோன்ஸைப் பொறுப்பாளர் ஒருவர் பிடித்து இழுத்தார். அந்த இடம் உங்களுக்கில்லை, எழுந்திரு என்றார். ஜெபம் முடியட்டும், அதன்பின் தொந்தரவு தரமாட்டோம் என்று ஜோன்ஸ் சொல்லியும் விடவில்லை. வில்லியம் வைட் என்ற இன்னொரு கறுப்பின விசுவாசியையும் இழுத்தார்கள். (எபிஸ்கோப்பல் பேராயர் பெயரும் வில்லியம் வைட்தான், அவர் வெள்ளையர்.) ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள்.

இது நடந்தது 1787-ல் என்று ஆலன் முதுமையில் நினைவுகூர்ந்தார். சம்பவத்தில் வரும் மாடி இருக்கைகள் கட்டப்பட்ட காலத்தை வைத்து, 1792 அல்லது அதை ஒட்டியே நடந்திருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு இவர்கள் வாதமே சரியென்று படுகிறது. அப்படியானால் ஆலயத் திட்டம் முந்தியது, வெளியேற்றம் பிந்தியது. அவமானம் தாங்காமல் பிறந்த சபை என்று இதைச் சொல்வது அந்த மக்களின் முன்யோசனையைக் குறைத்துச் சொல்வதாகும். தங்கள் சபை தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் நல்ல நாளிலேயே தீர்மானித்திருந்தார்கள். அந்தத் திட்டத்துக்குச் சந்தா கொடுத்தால் நீக்கிவிடுவேன் என்று மெதடிஸ்ட் மூப்பர் மிரட்டியதும் அந்தக் காலத்தில்தான்.

பணம் பெரும்பாடாக இருந்தது. சங்கத்தை விட்டு விலகியிருந்தாலும் ஆலயத் திட்டத்தில் சேர்ந்திருந்த ஆலன், மனை வாங்கும் பொறுப்பில் ஆறாம் தெருவில் ஓரிடம் பேசி முடித்துவிட்டார். குழுவினர் மனம் மாறி ஐந்தாம் தெருவைத் தேர்ந்தார்கள். பேசிய பேச்சைக் காக்க ஆறாம் தெரு மனையை ஆலன் தன் சொந்தப் பணத்தில் எடுத்துக்கொண்டார். பின்னாளில் கொல்லன் பட்டறை வந்து நின்றது அந்த மனையில்தான். ஐந்தாம் தெருக் கட்டடத்துக்கு வெள்ளையர் நன்கொடையும் கடனும் தேவைப்பட்டன. 1793 கோடையில் செயின்ட் டொமிங்கோ தீவில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தப்பி ஓடிவந்த வெள்ளையர்கள் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியபோது, ஊராரின் தர்மம் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. அடிமை எஜமானர்களுக்கு முன்னுரிமை, விடுதலை பெற்ற அடிமைகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! ஆனாலும் வேலை நடந்தது. அந்த ஆகஸ்ட் 22 அன்று கூரை ஏறியபோது ஒரு விருந்து. வெள்ளைக் கைவினைஞர்கள் உட்கார்ந்து உண்ண, கறுப்பினத்தார் பரிமாறினார்கள்; பிறகு கறுப்பினத்தார் உட்கார, வெள்ளையர் பரிமாறினார்கள். ரஷ் அந்தப் பந்தியில் இருந்தார்.

அடுத்த சில நாட்களில் மஞ்சள் காய்ச்சல் நகரைப் பிடித்தது. ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள். கறுப்பினத்தாரை இந்த நோய் தொடாது என்று ரஷ் நம்பினார். அவர் கேட்டுக்கொண்டபடி ஜோன்ஸும் ஆலனும் ஆட்களைத் திரட்டி நோயாளிகளைப் பேணினார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். நோய் தொடாது என்பது பொய்யானது. 1792-ல் கறுப்பின அடக்கங்கள் 67, 1793-ல் 305. இந்தக் கணக்கை அவர்களே வெளியிட்டார்கள். பணிவிடை செய்தவர்கள் அநியாயக் கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று மாத்யூ கேரி என்ற பதிப்பாளர் எழுதினார். அதற்கு மறுப்பாக இருவரும் சேர்ந்து 1794 ஜனவரியில் ஒரு சிறுநூல் கொண்டுவந்து, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கைநஷ்டம் 177 பவுண்டுக்கு மேல் என்று கணக்கையே பதிலாக வைத்தார்கள். ஆலய வேறுபாடு நட்பைத் தொடவில்லை என்பதற்கு அந்த நூலின் முகப்பிலுள்ள இரு பெயர்களே சாட்சி.

கட்டடம் முடியும் தறுவாயில், எந்தத் திருச்சபையில் சேர்வது என்ற கேள்வி வந்தது. வாக்கெடுத்தார்கள். மெதடிஸ்டாகவே இருப்போம் என்றவர்கள் இரண்டே பேர்: ஜோன்ஸ், ஆலன். மற்ற அனைவரும் எபிஸ்கோப்பல் என்றார்கள். தூய ஜார்ஜ் ஆலயத்தில் பட்ட காயம் ஆறவில்லை. தவிர, ஆங்கிலிக்கன் ஆலயங்களில் ஞானஸ்நானமும் திருமணமும் பெற்ற கறுப்பினத்தார் அந்த ஊரில் நெடுங்காலமாக இருந்தார்கள். மேய்ப்பராக இரும் என்று முதலில் அழைத்தது ஆலனைத்தான். தாம் மெதடிஸ்டாகவே வாழ்ந்து சாகப்போவதாக அவர் மறுத்தார். எழுத்தறியாத மக்களுக்கு எளிய, வாயால் வரும் பிரசங்கமே பொருந்தும் என்பது அவர் உறுதி. அடுத்து ஜோன்ஸைக் கேட்டார்கள். தன் வாக்கு தோற்றபின், சபையின் தீர்ப்புக்குத் தலைவணங்கி அவர் ஏற்றார். ‘வெள்ளையர் நிழலில் ஒதுங்கியவர்’ என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். தூய தோமா சபை பேராயர் வைட்டிடம் மூன்று நிபந்தனைகளோடு போனது. ஏற்கெனவே அமைந்துவிட்ட ஒரு சபையாகவே எங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் உள்விவகாரம் என்றைக்கும் எங்கள் கையில். ஜோன்ஸுக்கு வாசகராக அனுமதி, தகுதியானால் குருப்பட்டம். மூன்றும் ஏற்கப்பட்டன, 1794 அக்டோபரில் சபை பென்சில்வேனியா திருமண்டலத்தில் சேர்க்கப்பட்டது. சபையின் சொந்த விதிகளில் இன்னொரு தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார்கள். மேய்ப்பர், உதவி மேய்ப்பர் பதவிகளைத் தவிர, ஆப்பிரிக்கரோ அவர்கள் வழிவந்தவரோ அல்லாத எவரும் இங்கே வாக்களிக்கவோ பொறுப்புக்கு வரவோ முடியாது. மேய்ப்பர் வெள்ளையராகவே வந்தாலும் ஆலயத்தின் சாவி கறுப்பினத்தார் கையைவிட்டுப் போகாது. 1794-ல் இந்த வாசகத்தை எழுதியவர்களை அப்பாவிகள் என்று எவரும் சொல்ல முடியாது.

விலை பின்னால் வந்தது. எபிஸ்கோப்பல் குருவாக கிரேக்கமும் லத்தீனும் வேண்டும். ஜோன்ஸுக்கு அவை தெரியாது. திருமண்டலப் பேரவை அந்த விதியை அவருக்காகத் தளர்த்தியது. அதற்கு ஈடாக, தூய தோமா சபையின் குருவோ பிரதிநிதியோ பேரவையில் உட்காரக் கூடாது என்றது. ஜோன்ஸ் 1795-ல் டீக்கன் ஆனார். பல ஆண்டுகள் கழித்துக் குருப்பட்டமும் பெற்றார். எபிஸ்கோப்பல் திருச்சபையில் குருவான முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் அவருடைய சபைக்குத் திருமண்டலத்தில் குரலில்லை. கல்வித் தகுதிக்கான சலுகை என்ற பெயரில் வந்த இந்த விதி ஜோன்ஸ் இறந்த பிறகும் நீடித்தது. அப்படியென்றால் அது லத்தீனைப் பற்றிய விதியே அல்ல. அது நீங்க 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெத்தேலின் கதை நேர் எதிர். அதைப் பிரதிஷ்டை செய்தவர் அமெரிக்க மெதடிஸ்டுகளின் பேராயர் ஃபிரான்சிஸ் ஆஸ்பரி. 1796-ல் சபையைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டி வந்தபோது, எஸக்கியேல் கூப்பர் என்ற வெள்ளை மெதடிஸ்ட் மூப்பர் தானே முன்வந்து பத்திரத்தை எழுதித் தந்தார். ஆலனும் சபையாரும் நம்பிக் கையெழுத்திட்டார்கள். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து ஜேம்ஸ் ஸ்மித் என்ற மூப்பர் வந்து, சாவியையும் கணக்குப் புத்தகங்களையும் கொடுங்கள், என் அனுமதியில்லாமல் கூட்டம் நடத்தாதீர்கள் என்றார். வழக்கறிஞரிடம் ஓடியபோதுதான் தெரிந்தது: ஆலனின் சொந்த மனையில், ஆலனின் குதிரை இழுத்துவந்த ஆலயத்தை, அந்தப் பத்திரம் மெதடிஸ்ட் மாநாட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தது.

சபையாரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பத்திரத்தைத் திருத்தலாம் என்று சட்டத்தில் இடமிருந்தது. 1807-ல் ‘ஆப்பிரிக்கத் துணைப்பத்திரம்’ ஒன்றை எழுதிச் சொத்தை மீட்டார்கள். மூப்பர்கள் விடவில்லை. பிரசங்கிக்க ஆண்டுக்கு 600 டாலர் கேட்டார்கள். 1815-ல் ஆலயமே ஏலத்துக்கு வந்தது. ஆலன் 10,125 டாலர் கொடுத்து, ஒருமுறை வாங்கிய ஆலயத்தை மறுபடியும் வாங்கினார். பீடத்தில் ஏறும் உரிமை கேட்டு ராபர்ட் பர்ச் என்ற பிரசங்கி பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் போனார். 1816 தொடக்கத்தில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர் முதலிய ஊர்களின் கறுப்பின மெதடிஸ்டுகள் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையை நிறுவி, ஆலனைப் பேராயராகத் தேர்ந்தார்கள். (அந்தப் பெயரிலுள்ள ‘எபிஸ்கோப்பல்’ பேராயர் முறையைத்தான் குறிக்கிறது, ஜோன்ஸின் திருச்சபையோடு அதற்கு உறவில்லை.)

ஆலனின் தலைமேல் கைவைத்து அபிஷேகம் செய்தவர்களில் ஒருவர் அப்சலோம் ஜோன்ஸ். அவருடைய திருச்சபைச் சட்டப்படி பேராயர்கள்தான் ஒருவரைப் பேராயராக்க முடியும். குருவானவர் கைவைத்தால் செல்லாது. தன் திருமண்டலப் பேரவையில் உட்காரவும் உரிமையில்லாத அந்தக் குரு, வேறொரு திருச்சபைக்குப் பேராயரை உண்டாக்கினார். இந்த இரு சபைகளின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

வளர்ச்சிக் கணக்கில் பெத்தேல் முந்தியது. தொடக்கத்தில் தூய தோமாதான் பெரிய சபை. முதல் ஆண்டிலேயே 200 பேருக்கு மேல். 1813-ல் தூய தோமாவில் 560 பேர். பெத்தேலில் 1,272 பேர். இரட்டிப்பைவிட அதிகம். ஊருக்குப் புதிதாக வந்து இறங்கியவர்கள், அண்மையில் விடுதலை பெற்றவர்கள், வண்ணார வேலை, துறைமுக வேலை செய்தவர்கள் ஆலனின் ஆராதனையை நாடினார்கள். ஜோன்ஸின் சபையில் கப்பல் பாய் தைக்கும் தொழிற்கூடம் நடத்திய ஜேம்ஸ் ஃபோர்ட்டன் போன்ற வசதிபடைத்தோர் இருந்தார்கள். ஆனால் இதை ஏழை, பணக்காரச் சண்டையாக்க வேண்டாம். அடிமை வாணிபத்துக்கு எதிராக 1799-ல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன விண்ணப்பத்தில் ஜோன்ஸ் முன்னின்றார். அந்த வாணிபம் சட்டப்படி ஒழிந்த 1808 ஜனவரி 1 அன்று தூய தோமாவில் நன்றி ஆராதனை நடத்திப் பிரசங்கித்தார். கறுப்பினத்தாரை ஆப்பிரிக்காவுக்கு ஏற்றி அனுப்பும் திட்டத்தை எதிர்த்து 1817 ஜனவரியில் ஏறத்தாழ 3,000 பேர் திரண்டது பெத்தேலில். தலைமை வகித்தவர் தூய தோமாவின் ஃபோர்ட்டன்.

வேறுபாட்டின் வேர் குருமாரைப் பற்றிய விதியில் இருந்தது. மெதடிஸ்ட் முறையில் ஒரு சபை தன் பிரசங்கிகளைத் தானே வளர்த்தெடுக்கலாம். வீட்டு வேலை செய்துவந்த ஜெரீனா லீயை, முதலில் மறுத்த ஆலனே பிற்பாடு பிரசங்கிக்க அனுமதித்தார். எபிஸ்கோப்பல் முறையில் ஒவ்வொரு குருவுக்கும் பழைய மொழிகள், பேராயர், பேரவை என்று மூன்று வாசல்கள். கறுப்பினத்தாருக்குக் கல்லூரிகளே திறவாத காலம் அது. அடுத்த கறுப்பினக் குருவாக நியூயார்க்கின் பீட்டர் வில்லியம்ஸ் பட்டம் பெற்றது 1826-ல். ஜோன்ஸ் 1818 பிப்ரவரியில் இறந்தபின் தூய தோமாவுக்கு இன்னொரு கறுப்பின மேய்ப்பர், வில்லியம் டக்ளஸ், வர 1834 ஆயிற்று. 1794-ல் அவர்கள் போட்ட தாழ்ப்பாள் அந்தப் பதினாறு ஆண்டும் ஆலயத்தைக் காத்தது. சேகரக் குழுவும் சொத்தும் அவர்களிடமே இருந்தன. பீடத்துக்கு ஆள் தரமுடியாதது அந்தத் திருச்சபையின் குற்றம்.

எனவே என் தீர்ப்பு இது. சபையின் அஸ்திவாரத்தைச் சட்டத்தில் ஊன்றியதில் ஜோன்ஸும் தோழர்களும் ஆலனைவிடக் கெட்டிக்காரர்கள். ஆலன் 1796-ல் செய்த தவற்றுக்கு ஏறத்தாழ 10 ஆண்டும் 10,000 டாலருக்கு மேலும் கொடுத்தார். ஆனால் அந்த வழக்கே அவரைத் தனித் திருச்சபைக்குத் தள்ளியது. பாதுகாப்பாக இருந்த தூய தோமாவுக்கு வெளியேறக் காரணம் கிடைக்கவில்லை. உள்ளே உட்கார நாற்காலியும் கிடைக்கவில்லை. ஜோன்ஸைச் சமரசக்காரர் என்று எழுதுகிறவர்கள் அந்த நாற்காலியை மறுத்தவர்களை விட்டுவிட்டு மறுக்கப்பட்டவரைக் குறை சொல்கிறார்கள். இரு சபைகளும் இன்றும் ஃபிலடெல்ஃபியாவில் ஆராதித்து வருகின்றன. தூய தோமா ஐந்தாம் தெருவை விட்டு இடம்பெயர்ந்துவிட்டது, பெத்தேல் ஆலன் வாங்கிய அதே மனையில் நான்காவது கட்டடமாக நிற்கிறது.